சரக்கு தாண்டினால் படை தாண்டாதா?

ஜூன் 4, மாலை 6.15 (கேள்வி)

"சரக்கு தாண்டாத எல்லையைப் படை தாண்டும்." பாஸ்தியா என்ற பிரெஞ்சுப் பொருளாதார எழுத்தாளர் சொன்னது. இந்த ஒரு வரி போதும். செவ்வியல் தாராளவாதம் (அரசின் பிடியைக் குறைத்துத் தனிமனிதச் சுதந்திரம் கேட்கும் பழைய கொள்கை) என்றால் தடையற்ற வணிகம், தடையற்ற வணிகம் என்றால் வளம், வளம் என்றால் அமைதி. இருநூறு வருட சரித்திரம் இதை நிரூபித்து முடித்துவிட்டது. இன்னும் காப்புவரி (உள்ளூர்த் தொழிலைக் காக்க இறக்குமதிமேல் போடும் வரி) கேட்கிறவர்களிடம் என்னத்தைப் பேசுவது? மறுப்பு இருந்தால் யாராவது சொல்லுங்கள், கேட்கலாம்.

ஜூன் 4, இரவு 10.50

மறுப்பு இருக்கிறது. சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த வரி பாஸ்தியாவுடையது இல்லை. அவர் எழுதியவற்றில் எங்கும் கிடையாது. மனிதர் 1850-லேயே இறந்துவிட்டார். அதன் சாயலில் ஒரு வாக்கியம் அச்சில் வருவது 1943-இல், இரண்டாம் உலகப் போரின் நடுவில், ஓட்டோ மாலரி என்ற அமெரிக்கர் எழுதியதில். பிற்பாடு யாரோ அதைத் தட்டிக்கொட்டிச் செதுக்கி பாஸ்தியா தலையில் கட்டிவிட்டார்கள். பாஸ்தியா நிஜமாக எழுதியது இதைவிடச் சுவையானது. "சூரியன் இலவசமாக வெளிச்சம் கொடுத்து எங்கள் தொழிலைக் கெடுக்கிறான், எல்லா ஜன்னலையும் அடைக்கச் சட்டம் போடுங்கள்" என்று மெழுகுவத்தி செய்கிறவர்கள் மனுக் கொடுப்பதாக 1845-இல் ஒரு நையாண்டி எழுதினார். காப்புவரி கேட்கும் மனு எதைப் படித்தாலும் எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வரும்.

பெரிய மறுப்பு உங்கள் 'என்றால்'களில் இருக்கிறது. மூன்று போட்டிருக்கிறீர்கள். நடுவில் இருப்பதற்கு நான் சாட்சி சொல்வேன். கடைசியில் இருப்பது தொண்டையில் சிக்குகிறது.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. பத்தொன்பது வருடம் ஏற்றுமதி ஆவணம் தயாரித்துப் பிழைத்தவன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பலேறிய சரக்கை எடுக்கத் தேவையான ரசீது), எல்.சி. (பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம்). என் கண்ணுக்கு உலக வணிகம் என்றால் ஒரு எழுத்துப் பிழைக்காக வங்கி திருப்பி அனுப்பிய காகிதம். அந்த மேசையில் உட்கார்ந்த முதல் பத்து வருடம் நீங்கள் சொல்வதைத்தான் நானும் நம்பினேன், ஒரு எழுத்துக்கூட மாறாமல். மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 5, காலை 7.30

வளம் என்கிற பகுதி. இதில் பலர் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோவைச் சொல்லிவிட்டு, அவருக்கு முந்தைய ஆடம் ஸ்மித்தின் கருத்தை விளக்குவார்கள். எவன் எதில் கெட்டிக்காரனோ அவன் அதைச் செய்யட்டும் என்பது ஸ்மித், 1776. அது யாருக்கும் புரியும். ரிக்கார்டோ 1817-இல் சொன்னது கொஞ்சம் முரண்டு பிடிக்கும் சமாச்சாரம்: எல்லாவற்றிலும் மட்டமானவனோடும் வணிகம் செய்தால் இருவருக்கும் லாபம்.

அவர் போட்ட கணக்கே இது. போர்ச்சுகலில் ஒரு அளவு திராட்சை மதுவுக்கு 80 பேர் ஒரு வருடம் உழைக்க வேண்டும், துணிக்கு 90 பேர். இங்கிலாந்தில் துணிக்கு 100, மதுவுக்கு 120. இரண்டிலும் போர்ச்சுகல்தான் தேவலை. ஆளுக்கு இரண்டையும் தாங்களே செய்துகொண்டால் மொத்தம் 390 பேரின் உழைப்பு. போர்ச்சுகல் மதுவை மட்டும் இரண்டு மடங்காகவும் இங்கிலாந்து துணியை மட்டும் இரண்டு மடங்காகவும் செய்து ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டால் 160 + 200 = 360. அதே மது, அதே துணி, 30 பேர் மிச்சம். போர்ச்சுகலுக்கு 20, இங்கிலாந்துக்கு 10.

அந்த முப்பது பேர் எங்கிருந்து வந்தார்கள்? எவரும் கூடுதலாக உழைக்கவில்லை, புது இயந்திரம் எதுவும் வரவில்லை. முதல்முறை இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது கணக்கில் எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று திரும்பவும் கூட்டினேன்.

ஜூன் 5, காலை 9.05

தப்பு செய்துதான் இருக்கிறேன். மிச்சத்தைத் தலைகீழாகப் பிரித்துவிட்டேன். போர்ச்சுகல் 170-க்குப் பதில் 160, மிச்சம் 10. இங்கிலாந்து 220-க்குப் பதில் 200, மிச்சம் 20. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. "பத்தொன்பது வருடம் இன்வாய்ஸ் போட்டவரா நீங்கள்?" என்று கேட்டவருக்கு: ஆமாம், வங்கி அவற்றைத் திருப்பி அனுப்பிய கதையைத்தான் நேற்றே சொன்னேனே.

இந்தக் கணக்கு, மூலதனம் போடுகிறவர் தன் ஊர்த் தொழிலைவிட்டு வெளிநாட்டுக்கு ஓடமாட்டார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ரிக்கார்டோ அதை மறைக்கவில்லை. அந்த மனப்பான்மை பலவீனப்பட்டால் தனக்கு வருத்தம் என்றே எழுதியிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

ஜூன் 5, இரவு 11.40

இன்னொன்று. வணிகம் பெருகியது முழுக்க ஒப்பந்தத்தால், கொள்கையால் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1947-இல் 23 நாடுகள் ஜெனீவாவில் காட் என்ற சுங்கவரி, வணிகப் பொது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது பெரிய காரியம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1956 ஏப்ரல் 26 அன்று நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு கிளம்பியது. பெட்டி மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியுடையது. சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்றினால் டன்னுக்கு 5.83 டாலர், பெட்டியோடு தூக்கி வைத்தால் 16 சென்டுக்கும் கீழே என்று அவர் தரப்பில் கணக்கு வந்தது. எந்த நாடாளுமன்றமும் அப்படி ஒரு வரிக்குறைப்பைக் கொடுத்ததில்லை. தடையற்ற வணிகத்துக்காகப் போராடிய பிரிட்டிஷ் அரசியல்வாதி காப்டனுக்குத் தாராளவாதிகள் சிலை வைத்தார்கள், சரி. மெக்லீனுக்கும் பக்கத்தில் ஒரு பீடம் போட்டிருக்கலாம்.

உலக வங்கிக் கணக்குப்படி 1990-இல் மூன்றில் ஒருவருக்கு மேல் கொடும் வறுமையில் இருந்தார்கள், 2015-இல் பத்தில் ஒருவர். இது எல்லாமே வணிகத்தால் என்று சொன்னால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை ஆகிவிடும். வணிகம் இல்லாமல் இது நடந்திருக்கும் என்று சொல்கிறவர்தான் அதைவிடப் பெரிய பனம்பழத்தைக் காட்ட வேண்டும்.

ஜூன் 7, மாலை

யாரோ ஒற்றை வார்த்தையில் பதில் போட்டிருக்கிறார்: "1914." அதற்குக் கீழே இன்னொருவர் கைதட்டல் படம். சரி, பேசுவோம்.

முதல் உலகப் போர் வெடித்த அந்த வருடம் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒருவருக்கொருவர் பெரிய வாடிக்கையாளர்கள். நார்மன் ஏஞ்சல் என்பவர் 1909-10-இல் புத்தகம் போட்டு, நாடுகளின் நிதியும் வணிகமும் இப்படிப் பின்னிக்கிடக்கும்போது ஜெயித்தவனுக்கும் போர் நஷ்டம்தான் என்று நிறுவினார். நாலு வருடத்தில் போர் வந்தது. அன்றிலிருந்து அவரைக் கேலி செய்வது ஒரு மரபு. பாவம், போர் வராது என்று அவர் சொல்லவில்லை, வந்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது என்றார். கட்டுப்படியாகவில்லைதானே? 1933-க்கான அமைதி நோபலை அவருக்குக் கொடுத்தார்கள். அந்த வருடம் ஜெர்மனியில் யார் ஆட்சிக்கு வந்தார் என்று சொல்லத் தேவையில்லை. நோபல் குழுவுக்கும் நேரம் சரியில்லை.

1914-ஐவிட என்னை உலுக்கியது 1866. சோல்ஃபெரைன் என்ற ஜெர்மானியச் சுங்க ஒன்றியம் 1834-இலிருந்து இருக்கிறது. உள்ளே வரி கிடையாது, வெளிப்பொருளுக்கு ஒரே வரி. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே சந்தையாக இருந்த அந்த நாடுகள் 1866-இல் இரண்டாகப் பிரிந்து சுட்டுக்கொண்டன. பிரஷ்யா ஒரு பக்கம். பவேரியா, சாக்சனி, பிற்பாடு ஒன்றியத்தில் சேர்ந்த ஹனோவர் எல்லாம் ஆஸ்திரியாவின் பக்கம். ஆஸ்திரியா ஒன்றியத்துக்கே வெளியே இருந்தது! அதாவது சந்தையைப் பங்கிட்டவனை விட்டுவிட்டு, சுங்கச்சாவடிக்கு அந்தப் பக்கம் நின்றவனோடு சேர்ந்து போரிட்டார்கள்.

பிறகு 1860-இன் காப்டன்–ஷெவாலியே ஒப்பந்தம். பிரிட்டனும் பிரான்ஸும் வரியைக் குறைத்துக்கொண்ட அதே நேரம் பிரான்ஸ் படையெடுக்கும் என்று பயந்து பிரிட்டன் கரையோரம் கோட்டை கட்டிக்கொண்டிருந்தது. அவர்களுக்குள் போர் வரவில்லை, சந்தோஷம். பிரான்ஸ் 1862-இல் பிரஷ்யாவோடும் வணிக ஒப்பந்தம் போட்டது. 1870-இல் அவர்கள் இருவரும் மோதினார்கள். ஒப்பந்தம் போட்டதில் ஒன்று தப்பியது, ஒன்று தப்பவில்லை.

ஜூன் 7, இரவு

அப்படியானால் வணிகம் அமைதி தரும் என்று சொன்ன மாண்டெஸ்கியூ, காண்ட் போன்ற பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவஞானிகள் எல்லாரும் விவரம் இல்லாதவர்களா என்று கேட்டிருக்கிறார் முதலில் கேள்வி போட்டவர். நல்ல கேள்வி. காண்ட் எழுதியதை முழுசாகப் பார்க்க வேண்டும். 1795-இல் அவர் வணிகத்தைத் துணைக்குத்தான் வைக்கிறார். முதல் நிபந்தனை வேறு: போருக்குப் போவதா என்று முடிவெடுக்க, அடிபட்டுச் சாகப்போகிறவனிடமும் வரி கட்டப்போகிறவனிடமும் சம்மதம் கேட்கும் அரசமைப்பு வேண்டும். அப்படிக் கேட்காத ராஜாவுக்குப் போர் ஒரு உல்லாசப் பொழுதுபோக்கு மாதிரி. அவர் விருந்து நிற்காது, அரண்மனை இடியாது.

இதுதான் எனக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. வணிகம் செய்வது ஒன்றே ஒன்று. போர் வந்தால் நஷ்டப்படுகிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. அந்த நஷ்டக்காரர்களின் குரல் முடிவெடுக்கும் அறைக்குள் கேட்குமா என்பது வணிகத்தின் கையில் இல்லை. அதற்குப் பத்திரிகை, நாடாளுமன்றம், பட்ஜெட்டை மறுக்கும் அதிகாரம் வேண்டும். கேள்வியில் செவ்வியல் தாராளவாதம் என்று எழுதினீர்கள், அதன் பாதியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வணிகத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்.

ஜூன் 8, காலை 6.10

தூக்கம் வரவில்லை. நேற்றிரவு எழுதியது ரொம்ப நேர்த்தியாக இருக்கிறது. நேர்த்தியாக இருந்தாலே எனக்குச் சந்தேகம்.

1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் நாடாளுமன்றத்தில் போர்க்கடனுக்கு வாக்கெடுப்பு. நஷ்டக்காரர்களின் கட்சி என்றால் அங்கே சமூக ஜனநாயகக் கட்சிதான், சபையில் மிகப் பெரிய கட்சியும் அதுவே. ஆதரித்து வாக்களித்தது. பிரிட்டனிலும் நாடாளுமன்றம் இருந்தது, ஆட்சியிலேயே லிபரல் கட்சி இருந்தது. எதிர்த்து ராஜினாமா செய்த கேபினட் அமைச்சர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜான் மார்லி. காப்டனின் வாழ்க்கை வரலாற்றை 1881-இல் எழுதியவரே அவர்தான். காப்டன் கட்சியில் காப்டன் பேச்சைக் கேட்டது கடைசியில் அவருடைய சரித்திரகாரர் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே குரல் இருந்தும் போதவில்லை. காண்ட் சொன்னதும் பாதி உண்மைதான்.

ஜூன் 8, மதியம்

மெக்டொனால்ட்ஸ் கடை இருக்கும் இரண்டு நாடுகள் ஒன்றோடொன்று போரிட்டதில்லை என்று தாமஸ் ஃப்ரீட்மன் 1996-இல் எழுதினாரே என்று கேட்கிறார் ஒருவர். எழுதினார். 1999-இல் நேட்டோ விமானங்கள் யூகோஸ்லாவியா மேல் குண்டு போட்டன, பெல்கிரேடில் அந்தக் கடை இருந்தது. அதே வருடம் கார்கில். 2008-இல் ரஷ்யாவும் ஜார்ஜியாவும். 2022-இல் ரஷ்யாவும் உக்ரைனும். கடை திறந்ததும் மூடியதும் தவிர வேறு எதையும் அந்தக் கோட்பாடு விளக்கவில்லை.

ஜூன் 9, இரவு 9.20

"தடையற்ற வணிகம் என்பதே பலசாலியின் துப்பாக்கி, அபினிப் போரைப் பேசாமல் இதெல்லாம் என்ன பேச்சு?" என்று ஒரு காட்டமான பதில் வந்திருக்கிறது. நியாயமான காட்டம்.

1839-42. சீனா அபினி வேண்டாம் என்றது, பிரிட்டன் பீரங்கியால் பதில் சொன்னது, 1842 நான்ஜிங் ஒப்பந்தத்தில் ஐந்து துறைமுகங்கள் திறந்தன, ஹாங்காங் கைமாறியது. தன் சுங்கவரியைத் தானே நிர்ணயிக்கும் உரிமையும் சீனாவிடமிருந்து போய்விட்டது. "வணிகச் சுதந்திரம்" என்று இதற்குப் பேர் வைத்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

சங்கடம் எங்கே என்றால் தாராளவாதத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம். சுதந்திரத்தைப் பற்றி 1859-இல் அவர் எழுதிய நூலில், சீனாவுக்குள் அபினி வருவதைத் தடுப்பது வாங்குகிறவனின் சுதந்திரத்தில் கை வைப்பது என்று ஒரு உதாரணம் வருகிறது. அந்த அபினியைத் தயாரித்து ஏலம் விட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. மில் 1823-இலிருந்து 1858 வரை அந்தக் கம்பெனியின் அலுவலர். நான் முதலில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வாரம் திறக்கவில்லை.

ஆனால் காட்டமானவரே, இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1857-இல் இரண்டாம் அபினிப் போரைக் கண்டித்து நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் யார்? தடையற்ற வணிகத்தின் தலைமைப் பூசாரி ரிச்சர்ட் காப்டன். 263-க்கு 247. தீர்மானம் ஜெயித்தது, அரசு தோற்றது. பிரதமர் பாமர்ஸ்டன் உடனே தேர்தலுக்குப் போனார். காப்டன் தோற்றார், அவர் தோழர் ஜான் பிரைட்டும் மான்செஸ்டரில் தோற்றார். மான்செஸ்டர்! தானியச் சட்டத்தை (இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்ட சட்டம்) எதிர்த்து அவர்கள் இயக்கம் பிறந்த ஊர், வணிகர்களின் ஊர். சீனச் சந்தையில் துணி விற்க ஆசைப்பட்ட ஊரும்கூட.

வணிகர்கள் தாராளவாதிகள் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? இதை ஸ்மித் 1776-லேயே சொல்லிவிட்டார். ஒரே தொழில் செய்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் விலையை ஏற்றும் சதியில்தான் முடியும் என்றவர் அவர்.

ஜூன் 10, காலை

ஸ்மித்தைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவர் 1778-இல் ஸ்காட்லாந்தின் சுங்க ஆணையர்களில் ஒருவராக வேலைக்குச் சேர்ந்தார். ஆமாம், அதே ஸ்மித். இறக்குமதி தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலை அங்கே படித்துவிட்டுத் தன் அலமாரியைப் பார்த்தால், கழுத்துப்பட்டி, கைக்குட்டை என்று கிட்டத்தட்ட எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது. நெருப்பில் போட்டுவிட்டார். நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நீங்களும் உங்கள் மனைவியும் உங்கள் அலமாரியைச் சோதித்துப் பார்க்காதீர்கள் என்று புத்தி சொன்னார்.

சுங்கத்தில் நான் சந்தித்த அதிகாரிகள் ஒருவரும் எதையும் எரித்ததில்லை.

ஜூன் 10, இரவு

இனி வரி எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம். எந்தப் பொருளுக்கும் எச்.எஸ். எண் என்ற ஆறு இலக்க வகைப்பாட்டு எண் உண்டு, 1988-இலிருந்து உலகம் முழுக்க. அதற்கு மேல் அந்தந்த நாடு சில இலக்கங்களைச் சேர்க்கும். எண் மாறினால் வரி மாறும். ஒரு பம்ப்பின் ரப்பர் வளையம் 'ரப்பர் பொருளா', 'பம்ப் உதிரியா' என்று நான் மூன்று வாரம் கடிதப் போர் நடத்தியிருக்கிறேன்.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. எக்ஸ்-மென் என்ற காமிக்ஸ் வீரர்களின் பொம்மைகள் மனித உருவமா, இல்லையா? மனித உருவம் என்றால் 12 சதவீதம், வேற்று உயிர் என்றால் 6.8. 2003-இல் நீதிபதி அவை மனிதர்கள் அல்ல என்று தீர்ப்புச் சொன்னார். தாங்களும் மனிதர்கள்தான் என்று நிரூபிக்கத் தலைமுறையாகப் போராடும் கதாபாத்திரங்கள் அவர்கள். அவர்களை உருவாக்கிய கம்பெனியின் பக்கமே ஐந்து சதவீதத்துக்காக, அவர்கள் மனிதர்கள் இல்லை என்று வாதாடி ஜெயித்தது.

ஐரோப்பா கோழிக்கறிக்குப் போட்ட வரிக்குப் பதிலடியாக 1964-இல் அமெரிக்கா சிறு லாரிகளுக்கு 25 சதவீதம் போட்டது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. லாரி வரி இருக்கிறது. தற்காலிகக் காப்புவரி என்று யாராவது சொன்னால் அந்தக் கோழியைக் காட்டுங்கள்.

அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்திய 1930 ஸ்மூட்-ஹாலி சட்டம் வேறு. 1,028 பொருளாதார நிபுணர்கள் வேண்டாம் என்று மனுக் கொடுத்தும் அதிபர் ஹூவர் கையெழுத்திட்டார். உலக வணிகத்தின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு நாலைந்து வருடத்தில் காணாமல் போனது, அதன் வாலில் இரண்டாம் உலகப் போர் வந்தது.

ஜூன் 11, காலை

மேலே கடைசிப் பத்தியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவில் எழுதினால் வேகத்தில் இப்படி ஆகிறது. அந்த மூன்றில் இரண்டு பங்கு டாலர் மதிப்பில், அப்போது விலைகளே அதலபாதாளத்துக்குப் போயின. சரக்கின் அளவு அத்தனை விழவில்லை, விழுந்ததிலும் பெரும்பகுதி மந்தநிலையால். வரி எரிகிற வீட்டில் ஊற்றிய எண்ணெய், தீ வைத்தது அது இல்லை. போருக்கு அதைக் காரணம் சொல்வதும் நான் பிறரைக் கிண்டல் செய்த அதே பனம்பழம்.

ஆனாலும் அந்தக் காலத்து ஆட்கள் அதை நம்பினார்கள் என்பது முக்கியம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் அதை நம்பித்தான் 1934-இல் பரஸ்பர வணிக ஒப்பந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார், அந்த வழியில்தான் பிற்பாடு காட் வந்தது. இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கீன்ஸ். இளமையில் தடையற்ற வணிகத்தில் ஊறியவர், 1933-இல் கட்டுரை எழுதி, பொருளை முடிந்தவரை உள்நாட்டிலேயே செய்துகொள்வது அமைதிக்கு நல்லது என்றார். ஒரே நெருப்பைப் பார்த்து இரண்டு பேர் இரண்டு திசையில் ஓடினார்கள். இருவரும் முட்டாள்கள் இல்லை.

ஜூன் 13, இரவு

என் கதையைச் சொல்கிறேன் என்று முதல் நாளே சொன்னேன். நாட்டின் பெயர்கள் வேண்டாம்.

ஒரு பம்ப் உதிரி ஏற்றுமதிக்காரருக்கு நான் ஆவணம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய நீண்டநாள் வாடிக்கையாளர் எல்லைக்கு அந்தப் பக்கம். முப்பது சதவீதம் முன்பணம், மீதி ஆவணத்தை வங்கியில் காட்டியதும். பதினோரு வருடத்தில் ஒரு தடவை பாக்கி நின்றதில்லை. கண்டெய்னர் மூன்றாவது நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் மாறும் சமயம் இரு நாடுகளுக்கும் சண்டை மூண்டது. வங்கி வழி அடைபட்டது, கூரியரில் போன மூன்று அசல் பில் ஆஃப் லேடிங்கும் திரும்பி வந்தன.

அன்றைக்கு அந்த அலுவலகத்தில் தொலைக்காட்சி முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் கொடி பிடிக்கும் மனநிலையில் இருந்தார்கள். ஏற்றுமதிக்காரர் உட்பட. அந்தப் பக்கத்து நாட்டை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டிவிட்டு உள்ளே போய் அந்த வாடிக்கையாளருக்கு, வீட்டில் எல்லோரும் பத்திரமா என்று மெயில் போடச் சொன்னார். இரண்டும் பத்து நிமிடத்துக்குள்.

வணிகம் பகையைக் குறைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் அது ஒரு ஆள்மேல் இருந்த பகையைக் குறைத்திருந்ததைப் பார்த்தேன். ஒரு நாட்டின்மேல் இருந்த பகை அப்படியே இருந்தது.

ஜூன் 14, மாலை

நாடுகள் வணிகத்தில் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் சண்டை குறையாதா என்று கேட்டவருக்கு. பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் பெர்லினில் பிறந்து 1933-இல் தப்பி ஓடியவர். 1945-இல் அவர் எழுதிய முதல் புத்தகம் முழுக்க இதுதான்: வணிகத்தால் இருவருக்கும் லாபம், சரி, நிறுத்தினால் யாருக்கு அதிகம் வலிக்கும்? நாஜி ஜெர்மனி தென்கிழக்கு ஐரோப்பாவின் சின்ன நாடுகளிடம் நிறைய வாங்கியது. அவர்களுக்கு ஜெர்மனியை விட்டால் வேறு சந்தை இல்லாமல் போனது. வாங்குகிறவன் கையில் அது கடிவாளம் ஆகிவிட்டது.

1941-இல் ஜப்பானின் எண்ணெயில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அமெரிக்கா நிறுத்தியது. அடங்கிப் போவதற்குப் பதில் ஜப்பான் எண்ணெய் இருக்கும் இடங்களைப் பிடிக்கக் கிளம்பியது. 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ரஷ்யாவிலிருந்து. வணிகத்தால் ரஷ்யா மாறும் என்று ஜெர்மனியில் அதற்கு ஒரு கோஷமே இருந்தது. ஐரோப்பா வாங்குவதை நிறுத்தாது என்று மாஸ்கோ போட்ட கணக்கும் அதே குழாயில்தான் ஓடியது.

2008-இல் மூன்று பொருளாதார நிபுணர்கள் ஒரு விஷயத்தைக் கண்டு சொன்னார்கள். இரு நாடுகள் தங்களுக்குள் செய்யும் வணிகம் அவர்களுக்கிடையே போரைக் குறைக்கிறது. அதே நாடுகள் உலகம் முழுவதோடும் வணிகம் செய்தால், பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போடும் செலவு குறைந்துவிடுகிறது. அவன் இல்லாவிட்டால் இன்னொருவன். மெக்லீனின் பெட்டி உலகத்தையே பக்கத்து வீடாக்கியது என்று கொண்டாடினேனே, பக்கத்து வீட்டுக்காரனைத் தேவையில்லாதவனாகவும் அது ஆக்கிவிட்டிருக்கலாம். மெக்லீனின் பீடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஜூன் 15

1950 மே 9, பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமனின் அறிவிப்பு. இது உங்கள் பக்கத்துக்கு வலுவான உதாரணம், முதலில் கேள்வி கேட்டவரே இதைச் சொல்லாதது ஆச்சரியம். பிரான்ஸும் ஜெர்மனியும் 1870, 1914, 1939 என்று மூன்று முறை மோதிக்கொண்டவர்கள். அதன் பிறகு நிலக்கரியையும் உருக்கையும் ஒரு பொது அதிகாரத்தின் கீழ் கொடுத்தார்கள். ஆனால் பாருங்கள், வரியை எடுத்ததோடு நிற்கவில்லை. பீரங்கி செய்யும் பொருளின் சாவியைத் தன் கையிலிருந்து விட்டுக்கொடுத்தார்கள். அது ஸ்மித் கேட்டதற்கு மேலே. ஸ்மித்தே, வளத்தைவிடப் பாதுகாப்பு முக்கியம் என்று சொல்லி இங்கிலாந்தின் கப்பல் சட்டத்தை (அந்நியக் கப்பல்கள் சரக்கு ஏற்றுவதைக் கட்டுப்படுத்திய சட்டம்) ஆதரித்தவர்தானே.

ஜூன் 16, இரவு

"வேலை போனவனிடம் ரிக்கார்டோவைச் சொல்லுங்கள் பார்ப்போம்."

சொல்ல மாட்டேன். மிச்சமான முப்பது பேர் மறுநாளே வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்று அந்தக் கணக்கு நினைக்கிறது. 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் அமெரிக்காவில் 20 முதல் 24 லட்சம் வேலைகள் போயின என்று ஒரு ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையைவிடக் கொடுமை, அவை குறிப்பிட்ட சில ஊர்களில் போயின, ஆட்கள் நகரவும் இல்லை. லாபம் எல்லோர் தலையிலும் தூறலாக விழுகிறது. நஷ்டம் ஒரு தெருவில் இடியாக இறங்குகிறது. இதற்குத் தாராளவாதிகளிடம் நல்ல பதில் இருந்ததில்லை. "மொத்தத்தில் லாபம்" என்பது பதில் இல்லை.

என் வேலையும் போனது. ஆவணம் எல்லாம் மின்னணு ஆனதும் எங்கள் அறையில் பதினாலு மேசை நாலாகியது. எங்கள் ஆட்கள் யாரும் மென்பொருளைத் திட்டவில்லை. வெளிநாட்டுக்காரனைத்தான் திட்டினார்கள். மென்பொருளுக்கு முகம் இல்லையே.

ஜூன் 19

மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள்: அந்தக் கண்டெய்னர் என்ன ஆனது?

வாடிக்கையாளர் பதில் போட்டார். எல்லோரும் பத்திரம், இங்கே இப்போது எதையும் இறக்க முடியாது, துறைமுகத்தில் வாடகை ஏறிக்கொண்டே போகும், அங்கேயே கிடைத்த விலைக்கு விற்றுவிடுங்கள், குறைவதை என் முன்பணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்படி அவர் அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. போர் வந்தால் இரு தரப்பும் விலகலாம் என்று பிரிவே இருந்தது, நானே அதை எத்தனையோ முறை தட்டியிருக்கிறேன்.

விற்றோம். வாடகையும் கழிந்து, நஷ்டத்தையும் பிடித்தபின் முன்பணத்தில் கொஞ்சம் மீந்தது. திருப்பி அனுப்ப வழியில்லை. இரண்டு மாதம் கழித்து மெயில் போட்டால் பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வந்தது. பிறகு முகவரியே இல்லை என்று வந்தது. நான் அந்த வேலையை விட்ட வருடம்வரை, ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் ஆடிட்டர் பேரேட்டில் அந்தப் பதிவைக் காட்டி இதை வருமானத்தில் எழுதிவிடலாமே என்பார். ஏற்றுமதிக்காரர் வேண்டாம் என்பார். அடுத்த வருடப் பேரேட்டில் அந்த வாடிக்கையாளர் பெயரையும் தொகையையும் நான் மறுபடி எழுதுவேன்.